பாதியில் நிறுத்த வேண்டிய மாத்திரை

முதல் நடுக்கம் வந்தபோது எங்கள் தெருவில் கொசுப்புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜூலை மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த சாயங்காலம். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தப் புகையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று ஷிபுவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். ஷிபு எங்கள் பகுதியின் சுகாதார ஆய்வாளர். நான் மலேரியா பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் என் கீழே இருந்தான். அந்த ஒரு காரணத்துக்காக இன்றும் நான் பேசி முடிக்கும்வரை நின்று கேட்பான்.

“புகை மனுசனுக்குக் காட்டுததுக்குள்ளது மக்கா. கொசு தொட்டி வெள்ளத்துல வளருது, நீ காத்துல தேடுத” என்றேன்.

“புகை அடிக்கலேன்னா போன் பண்ணி ஏசுதாவ சார். தொட்டியத் தொறந்து பாக்கணும்னு போனா வீட்டுக்குள்ள விடமாட்டேங்குதாவ. நான் எங்க போய்த் தேட?”

இதற்கும் என்னிடம் பதில் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மழைக்காற்று என்று நினைத்தேன். அடுத்து முழங்கால் ஆடியது. கையில் பிடித்திருந்த கேட் கடகடவென்று சத்தம் போட்டது. ஷிபு முதலில் கேட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“சார், உங்களுக்குக் குளிருதா?”

அது குளிர் இல்லை. குளிர் வெளியிலிருந்து வரும், போர்த்தினால் அடங்கும். இது எலும்புக்குள்ளிருந்து கிளம்பியது. கட்டிலில் கிடத்தி, வீட்டில் இருந்த கம்பளி, ஜமுக்காளம், ஜன்னல் திரை என்று எல்லாவற்றையும் என் மனைவி எஸ்தர் மேலே போட்டாள். கட்டிலே ஆடியது. பிறகு உடம்பு அடுப்பாகக் கொதித்தது. பிறகு வேர்த்து ஊற்றியது. வேர்வை அடங்கியதும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டேன். ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள், அதே சாயங்காலப் பொழுதில், கட்டில் திரும்பவும் ஆடியது.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்படி ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வந்திருந்தால், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நடுநாள்தான் ஆளை ஏமாற்றும். நோய் போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குப் போவோம், கணக்கு பார்ப்போம், சண்டை போடுவோம்.

இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. குளச்சலில் எங்கள் வீட்டுக்கு மேற்கே ஆன்றோவின் வீடு. முப்பத்தைந்து வயதுக்காரன். மங்களூர்ப் பக்கத்துத் துறைமுகங்களில் விசைப்படகில் வேலை. மீன்பிடித் தடைக்காலத்தில்தான் ஊருக்கு வருவான். இந்தமுறை வரும்போதே காய்ச்சலோடு வந்தான். அங்கே ரத்தம் பார்த்து மலேரியா என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் விட்டதும் மீதியை எறிந்துவிட்டான். ஊரில் இரண்டாம் தடவை நடுங்கி விழுந்தபிறகுதான் ஷிபுவுக்கே தகவல் போனது. தெருவில் புகை வந்ததும் அதனால்தான்.

அவன் பழைய வீட்டை ஒட்டிப் புதுவீடு பாதி கட்டி நின்றது. சிமென்ட் நனைக்க ஒரு தொட்டி கட்டியிருந்தான். மழையில் வேலை நின்றுபோக, தொட்டியில் நல்ல தண்ணீர் நிறைந்து கிடந்தது. மலேரியாக் கொசு சாக்கடைக்குப் போகாது. அதற்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும். ‘தொட்டியைக் கவிழ்க்க முடியாவிட்டால் உடை’ என்று மதிலருகே நின்று எத்தனையோ தடவை சொன்னேன். ‘ஓணத்துக்குள்ள வேலை தொடங்கிரும் சாரே’ என்பான்.

அவன் ரத்தத்திலிருந்து கிருமி கொசுவுக்குப் போனது. கொசு அந்தத் தொட்டிக்கும் என் கட்டிலுக்கும் நடுவே இருந்த மதிலைத் தாண்டியது. பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டுவது போலத்தான். நானே அந்தப் படத்தைப் பள்ளிக்கூடங்களில் போர்டில் வரைந்திருக்கிறேன். கடைசி அம்புக்குறி என்னை நோக்கி இருந்ததுதான் புதிது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். மாத்திரை விழுங்கும் முன் ரத்தம் எடுக்கவேண்டும் என்று நானே சொல்லி விரலை நீட்டினேன். விவாக்ஸ் என்று வந்தது (மலேரியாவில் இரண்டு வகை இங்கே அதிகம். ஒன்று சீக்கிரம் ஆளை முடித்துவிடும். விவாக்ஸ் அப்படிச் செய்வது குறைவு. ஆனால் அதன் ஒரு பகுதி கல்லீரலுக்குள் தூங்கப் போய்விடும், மாதங்கள் கழித்து எழுந்து வரும்).

அதனால் இதற்கு இரண்டு மருந்து. ரத்தத்தில் இருக்கும் கிருமிக்குக் குளோரோகுயின், மூன்று நாள். கல்லீரலில் தூங்கும் கிருமிக்குப் பிரைமாக்குவின், பதினான்கு நாள். முதல் மருந்திலேயே காய்ச்சல் விட்டுவிடும். இரண்டாவது மருந்தை ஏன் விழுங்குகிறோம் என்பது உடம்புக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள் என்று சொல்வதற்குத்தான் அரசாங்கம் எனக்கு அத்தனை வருடம் சம்பளம் கொடுத்தது.

அங்கிருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். “ஜி6பிடி டெஸ்ட் பாத்துட்டு பிரைமாக்குவின் ஆரம்பிக்கலாமா சார்? நாகர்கோவிலுக்குப் போகணும்” என்றார். (ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்கள் சில மருந்துகளில் உடைந்துபோகாமல் காக்கும் ஒரு பொருள். சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு. அந்த மருந்தை விழுங்கும்வரை குறைவு இருப்பதே தெரியாது).

“இந்த வயசுவரை எனக்கு ஒரு குறையும் இல்ல டாக்டர். எத்தனை பேருக்கு இந்த மாத்திரை என் கையால குடுத்திருக்கேன்!” என்றேன்.

“சரி சார். யூரின் கலர் மாறினா உடனே நிறுத்திடுங்க.”

அந்த வாக்கியத்தை அவர் பிறப்பதற்கு முன்பே நான் இந்தக் கடற்கரை முழுவதும் சொல்லி நடந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆன்றோவுக்கும் திரும்பவும் முதலிலிருந்து மருந்து கொடுத்திருந்தார்கள். நான் மதிலருகே போய்க் கூப்பிட்டேன்.

“போன தடவ மாத்திரைய என்னல செய்த?”

“பனி விட்டு ஒடம்பு சொகமான பொறவு என்னத்துக்கு சாரே? வயிறு காந்துது. கடல்ல எறிஞ்சேன்.”

“நல்லது. மீனுக்கு இனி மலேரியா வராது. ஒனக்க மாத்திரைய எடுத்துட்டு தெனமும் காலைல இங்க வரணும். எனக்க கண்ணு முன்னால விழுங்கணும்.”

கண்முன் விழுங்கவைப்பது துறையில் வழக்கமான முறைதான். ஆளை நம்பாதே, தொண்டையை நம்பு என்பது அதன் சாரம். ஆன்றோ தலையைச் சொறிந்தான். பிறகு சொன்னான்:

“அப்போ சாரும் விழுங்கணும். சாரும் நாக்க நீட்டிக் காட்டணும்.”

எஸ்தர் அடுக்களை ஜன்னலிலிருந்து சிரித்தது கேட்டது. அவள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரு சமன்பாட்டில் இரண்டு பக்கமும் சரியாக இருப்பது அவளுக்குப் பிடிக்கும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் புட்டு தின்றபிறகு மதிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும் நிற்போம். விழுங்குவோம். நாக்கை நீட்டுவோம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். “சாரே, நாக்கு வெளுத்திருக்கு, தேனு தடவும்” என்று ஒரு மீன்காரி சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அது பெருமையாகவே இருந்தது. காய்ச்சல் அறவே இல்லை. நான் குணமாகிவிட்டேன் என்றே நம்பினேன்.

மூன்றாவதோ நான்காவதோ நாளில் சிறுநீர் கறுத்தது. மஞ்சள் அடர்ந்தது என்று சொல்லமுடியாது. பால் விடாத கடுஞ்சாயாவின் நிறம். தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பேன் என்று ஒரு செம்பு வெள்ளம் குடித்தேன். அடுத்த முறையும் அதே நிறம். காய்ச்சலுக்குப் பிறகு ஒரு வாரம் அப்படி இருக்கலாம் என்று முடிவு செய்தேன். அப்படி எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எனக்கு அது தெரியும்.

எப்படி என்று கேட்பீர்கள். யூரின் நிறம் மாறினால் நிறுத்து என்று ஊருக்குச் சொன்னவன், தன் நிறம் மாறியபோது ஏன் நிறுத்தவில்லை? நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து யோசித்துக் கண்ட பதில் இது. அந்த எச்சரிக்கை என் மனதில் நோயாளிகளுக்கானது. நான் என்னை நோயாளியாக எண்ணவில்லை. நான் மருந்து கொடுக்கும் பக்கத்து ஆள். மேலும், காலையில் மதிலுக்கு அப்பால் ஒருவன் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பான். நான் நிறுத்தினால் அவனும் நிறுத்துவான். அவன் நிறுத்தினால் நான் சேர்த்துவைத்த அத்தனை வருடப் பேச்சும் கடலில் போகும்.

எஸ்தர்தான் முதலில் பார்த்தாள்.

“ஒங்க கண்ணு மஞ்சளா இருக்கு.”

“மழைக்கால வெளிச்சம்.”

“அதே வெளிச்சத்துலதான் நானும் நிக்கேன். நான் மஞ்சளா இல்லியே.”

நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அவள் அதைக் கீழே இறக்கினாள்.

“மாத்திரைய நிறுத்துங்க. டாக்டரப் பாத்துட்டு மீதியத் தின்னலாம்.”

“கோர்ஸ முடிக்காம நிறுத்தப்பிடாது எஸ்தர். கிருமி பழகிரும். ஒனக்கு இது தெரியாது.”

“எனக்கு மஞ்சளும் வெள்ளையும் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அதற்கடுத்த நாளிலிருந்து மாடிப்படி எனக்குச் செங்குத்தாகிவிட்டது. பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். காதுக்குள் இதயம் அடித்தது. நகத்தைப் பார்த்தேன். அது காகிதமாக வெளுத்திருந்தது. எதுவும் வலிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் ரத்தம் எனக்குள்ளேயே உடைந்து, சிறுநீரோடு வெளியே போய்க்கொண்டிருந்தது, நான் வலியில்லாமல் புட்டு தின்றுகொண்டிருந்தேன்.

கடைசிக் காலையில் மதிலருகே போனபோது ஆன்றோ மாத்திரையைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாரே, ஒங்க சுண்டு எங்க போச்சு? முகத்துல சுண்டே காணல, ஒதடெல்லாம் வெளுத்துப் போச்சு. வெள்ளத்துல மூணு நாள் கெடந்த ஆளு மாதிரி இருக்கிய.”

கடலில் வேலை செய்கிறவன் அப்படிச் சொன்னால் அது வெறும் உவமை இல்லை. அவன் அப்படிப்பட்டவர்களைத் தூக்கியிருக்கிறான்.

“நீ விழுங்குல” என்றேன்.

“நீங்க விழுங்காண்டாம். இன்னைக்கு வேண்டாம் சாரே.”

நான் விழுங்கினேன். நாக்கை நீட்டினேன். மதில் மெதுவாக என் பக்கம் சாய்ந்து வந்தது நினைவிருக்கிறது. அவன் மதிலைத் தாண்டிக் குதித்த சத்தமும், “டீச்சரே! ஓடி வாருங்க!” என்ற கூப்பாடும் எங்கோ தூரத்தில் கேட்டன.

நாகர்கோவிலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நடைபாதையில், சக்கரக் கட்டிலில், மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்து போவதைப் பார்த்தேன். ஓர் இளம் பெண் டாக்டர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். சிறுநீர் பிடித்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“எப்ப இருந்து இப்படிப் போகுது?”

“நாலஞ்சு நாளா.”

“மாத்திரையை நிறுத்தலையா?”

“கோர்ஸ் முடியல” என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். “சார் என்ன வேலை பார்த்தீங்க?”

எஸ்தர் சொன்னாள். டாக்டர் திரும்பவும் எழுத ஆரம்பித்தார். முப்பது வருடத்தில் மேலதிகாரிகள் எத்தனையோ விதமாக என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தப் பேனா நின்று மீண்டும் ஓடிய அந்த இடைவெளிக்கு ஈடாக அதில் எதுவும் இல்லை.

ஹீமோலிசிஸ் என்றார்கள் (சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து போவது). ஹீமோகுளோபின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புச் சத்து) இருக்கவேண்டிய அளவில் பாதிகூட இல்லை. உடைந்த துணுக்குகள் சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருந்தன. கிரியாட்டினின் (சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு) ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஏறினால் டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுக் கழுவுவது). அதற்கு என் உடம்பு தாங்குமா என்று எஸ்தர் கேட்டபோது, “முதல்ல ரத்தம் ஏத்துவோம் அம்மா” என்று மட்டும் டாக்டர் சொன்னார். நான் கண்ணை மூடிக் கிடந்தேன். எந்தக் கேள்விக்கு டாக்டர் நேரடியாகப் பதில் சொல்லமாட்டார், எப்போது சொல்லமாட்டார் என்பதை நானும் அறிவேன்.

ரத்தம் கொடுக்க ஆன்றோ ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்துவிட்டான். தடைக்காலம், எல்லோரும் ஊரில் இருந்தார்கள். எல்லோரும் கயிறு இழுத்துத் தோள் பருத்தவர்கள். ரத்தவங்கியில் கேள்வி கேட்டார்கள்: சமீபத்தில் மலேரியா வந்ததா, எங்கெல்லாம் வேலை செய்தீர்கள், நேற்று குடித்தீர்களா. ஏறக்குறைய எல்லோரும் ஒன்றில் இல்லாவிட்டால் மற்றொன்றில் விழுந்துவிட்டார்கள். ஆன்றோ என் கட்டிலருகே வந்து நின்றான்.

“எனக்க ரத்தம் ஆவாதாம் சாரே. இவ்வளவு தடியன வச்சிட்டு ஒரு குப்பி ரத்தம் எடுக்க மாட்டேங்குதாவ.”

“ஒனக்க ரத்தம் எனக்கு முன்னமே வந்தாச்சுல. கொசு கொண்டு தந்துட்டு” என்றேன்.

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் வெளியே போய் நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்றுவிட்டான். எஸ்தர் போய்த்தான் சாயா வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தாள். அவனை நான் மன்னிக்கவேண்டும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மன்னிப்பே போதாத அளவுக்கு என் நிலைமை மோசம் என்று அவன் நினைத்திருந்தான் என்பதும்.

யாரென்று தெரியாத மனிதர்களின் ரத்தம் பைகளில் தொங்கி என்னுள் இறங்கியது. தினமும் பாட்டிலில் பிடித்த சிறுநீரை ஜன்னலோரம் வரிசையாக வைத்தார்கள், நிறம் ஒப்பிட. எங்கள் வாழ்க்கை அந்த ஜன்னலோரத்தில் இருந்தது. எஸ்தர் காலையில் எழுந்ததும் ஜெபிப்பாள், பிறகு பாட்டிலைப் பார்ப்பாள். சில நாள் வரிசை மாறி, பாட்டிலை முதலில் பார்ப்பாள். கறுப்பு, செம்பழுப்பு, அப்புறம் பழுப்பு, ஒரு காலையில் வெறும் மஞ்சள். டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரிடம் கேட்டேன்.

“அந்த மருந்து ஆறேழு நாள்தானே போச்சு? உள்ள தூங்குற கிருமி செத்திருக்குமா?”

“சொல்ல முடியாது சார்.”

“டெஸ்ட்?”

“தூங்குற கிருமியைப் பார்க்க டெஸ்ட் கிடையாது. எழுந்தா தெரியும்.”

“எனக்கு ஜி6பிடி குறைவுதான்னு இப்பவாவது உறுதியா?”

“இப்பப் பார்த்தா தப்பாக் காட்டும். குறைவான அணுக்கள்தான் உடைஞ்சு போச்சு. மீதி புதுசு, இல்லைன்னா அடுத்தவங்க ரத்தம். அது நல்லாயிருக்குன்னுதான் சொல்லும். மூணு மாசம் கழிச்சு வாங்க.”

அலுவலகத்தில் ஆய்வு வரும்போது இரவல் ஆட்களை நிற்கவைத்துத் தலை எண்ணிக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். என் உடம்புக்குள்ளேயே அது நடக்கும் என்று நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஷிபு ஆட்களோடு வந்து சுவர்களில் மருந்து அடித்திருந்தான். எங்கள் தெரு முழுவதும் ரத்தம் எடுத்திருந்தான். கொஞ்சம் கூச்சத்தோடு என்னிடமும் விரலை நீட்டச் சொன்னான். “இனி காய்ச்சல்னா ஒடனே சொல்லணும் சார். ஒங்க ஒடம்புல அது எழும்பின அன்னைக்குக் கொசு கடிச்சா, தெருவுக்கே போவும்” என்றான். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம்தான். இவ்வளவு காலமாக நான் தொட்டியையும் டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் சந்தேகத்தோடு பார்த்து நடந்தவன். இப்போது ஷிபு என்னை அந்தப் பார்வை பார்த்தான். சரியாகத்தான் பார்த்தான்.

ஆன்றோ தொட்டியைக் கடப்பாரையால் உடைத்துவிட்டான். மீதி மாத்திரையை எஸ்தரின் கண்முன்னால் விழுங்கி முடித்திருந்தான். அவனுக்கு ஜி6பிடி சரியாக இருந்தது. முன்பே பார்த்துவிட்டார்கள், அவன் பார்க்கச் சொன்னால் போகிற ஆள்.

மஸ்கட்டில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து, பேரனுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னேன். எனக்கு இந்தக் குறைவு இருந்தால் அது மகளுக்குப் போகும், அவளிடம் சத்தமில்லாமல் இருக்கும், அவள் மகனிடம் வெளியே வரலாம். “அவனுக்கு என்னப்பா, நல்லா ஓடியாடி நடக்கான்” என்றாள். “நானும் நல்லா ஓடியாடி நடந்தவன்தான்” என்றேன். பரிசோதனை செய்தார்கள். அவனுக்கும் அந்தக் குறைவு இருந்தது. அவன் எந்த மருந்தைத் தொடக்கூடாது என்பது இப்போது அவன் பள்ளிக்கூடப் பையில் எழுதி ஒட்டியிருக்கிறது.

ஐப்பசி மழையில் அது எழுந்தது. சந்தையிலிருந்து வந்து குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். கைப்பிடி ஆடியது. யார் ஆட்டுகிறார்கள் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். எஸ்தர் கம்பளியை எடுக்க உள்ளே போனாள். நான் ஷிபுவுக்குப் போன் செய்தேன். கடந்தமுறை எனக்கு அது வியப்பாக இருந்தது. இந்தமுறை பயமாக இருந்தது. வந்தது போனால், போனது மறுபடி வரும் என்று தெரிந்துவிட்டது.

குளோரோகுயினால் காய்ச்சல் அடங்கியது. மூன்று மாதம் கழிந்திருந்ததால் பரிசோதனையும் செய்தார்கள். குறைவுதான். டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, விட்டுவிடுவது, எழும்போதெல்லாம் காய்ச்சலை அடக்குவது. மற்றது, அதே பிரைமாக்குவின், வாரத்துக்கு ஒருமுறை, எட்டு வாரம், ஒவ்வொரு தடவையும் ரத்தமும் சிறுநீரும் பார்த்து. அணுக்கள் உடையும், ஆனால் அடுத்த வாரத்துக்குள் உடம்பு புதிதாகச் செய்துகொள்ளும் என்பது கணக்கு.

“அதே மாத்திரையா?” என்று எஸ்தர் கேட்டாள். அவள் கை என் தோளில் இருந்தது. அது இறுகியது.

“அதேதான் அம்மா. இந்தமுறை நாங்க பக்கத்துல இருப்போம்.”

இரண்டாவது வழியை எடுத்தேன். துணிச்சலால் இல்லை. எழும்போதெல்லாம் தெருவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொரு வாரமும் பஸ்ஸில் நாகர்கோவில் போய், தெரிந்தே அந்த மாத்திரையை விழுங்கினேன். பிறகு மூன்று நாள் பாட்டிலைப் பார்ப்போம். இரண்டாவது வாரம் கொஞ்சம் கறுத்தது. நிறுத்திவைத்தார்கள். ரத்தம் பார்த்தார்கள். பிறகு தொடர்ந்தார்கள். நிறுத்துவதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று அந்த டாக்டர்தான் எனக்குக் கற்றுத்தந்தார். வாதாடாமல் கேட்டுக்கொண்டேன்.

நான் இதை எழுதுவது இரண்டு விஷயத்துக்காக. பிரைமாக்குவின் கொடுக்கும் முன் ஜி6பிடி பாருங்கள், எத்தனை மைல் போகவேண்டியிருந்தாலும். மருந்தின் நடுவே சிறுநீர் கறுத்தால், கண் மஞ்சளானால், மூச்சு வாங்கினால், அந்த நொடியே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யார் நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தாலும் சரி. மற்றவர்கள், உங்களுக்குக் குறைவு இல்லையென்றால், கடைசி மாத்திரைவரை விழுங்குங்கள். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே ஆள் சொல்வது குழப்பமாக இருந்தால், நான் செய்வதற்கொன்றுமில்லை.

எட்டாவது மாத்திரையை விழுங்கிய அன்று, “முடிஞ்சது சார்” என்றார் டாக்டர்.

“அப்போ போயாச்சா?”

“திரும்பி வரலேன்னா, போயாச்சு.”

“எவ்வளவு நாள் வரலேன்னா?”

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார்.

அரசாங்கத்தில் எந்தக் கோப்புக்கும் ஒரு முடிவு உண்டு. மூடிவிட்டோம் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். இதற்குக் கையெழுத்துப் போட யாரும் இல்லை. காலண்டரில் நான் இப்போது வரப்போகும் தேதிகளைப் பார்ப்பதில்லை. ஒரு நாள் முடிந்து படுக்கும்போது, இன்று வரவில்லை என்று நினைத்துக்கொள்வேன். என் வயிற்றின் வலதுபக்கம், விலாவுக்குக் கீழே, முன்பு நான் நினைத்தே பார்க்காத இடம், அங்கே கை தானாகப் போகிறது. ஒன்றும் தட்டுப்படுவதில்லை. தட்டுப்படாது என்றும் தெரியும்.

நேற்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. என் முன்கையில் ரோமம் எழுந்து நின்றது. நான் பேச்சை நிறுத்தினேன். எஸ்தரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன் முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

“காத்துதான்.”

இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.